நவக்கிரக வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு



கோயம்புத்தூர், ஓசூர், சென்னை, பெங்களூரு என்று எங்கெங்கிருந்தோ ராத்திரி முழுக்க வண்டியில் உட்கார்ந்தபடியே தூங்கி, விடியும் நேரத்துக்குக் கும்பகோணத்தில் வந்து இறங்குகிறீர்கள். ஒன்பது கிரகங்களையும் ஒரே நாளில், மிஞ்சிப்போனால் ஒன்றரை நாளில், தரிசித்துவிட வேண்டும் என்பது திட்டம். அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024-இலிருந்து இதற்கென்று இங்கிருந்து தனிப் பேருந்து விடுவதால், ஒரு நாளில் ஆகாத காரியம் என்று நான் சொல்லப்போவதில்லை. நான் பேச வந்தது சாப்பாட்டைப் பற்றி.

கும்பேசுவரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறேன். திண்ணை இன்னும் மிச்சமிருக்கும் வீடு. திண்ணையில் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் எதையாவது கேட்கத் தோன்றும். வழியைக் கைப்பேசி சொல்லிவிடுகிறது, அதனால் அதை நீங்கள் கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சார், இங்க நல்ல ஹோட்டல் எது?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வேன் ஹாரன் அடிக்கிறது. நின்ற நிலையில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை இது. ஆகவே எழுதிவிடுகிறேன்.

எந்நேரமும் எல்லாமும் நன்றாக இருக்கிற ஹோட்டல் என்று எங்கள் ஊரில் ஒன்று கிடையாது. 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டோம் என்றாலும் மனசளவில் இது பழைய முனிசிபாலிட்டி ஊர்தான். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வேளை உண்டு. காலை ஏழு மணிப் பொங்கலில் பேர் வாங்கிய கடையில் மத்தியானச் சாப்பாடு சுமார்தான். சாயங்காலம் அருமையான அடை போடுகிற இடத்துக்குக் காலையில் போனால் கதவு சாத்தியிருக்கும். அதனால் கடையின் பேரைக் கேட்காதீர்கள். "மணி நாலாச்சே, இந்நேரத்துக்கு இங்க எது நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். கேட்கப்படுகிறவர் ஒரு கணம் யோசிப்பார். அவர் யோசித்தாலே உங்களுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். யோசிக்காமல் உடனே சொல்கிறார் என்றால், வெளியூர்க்காரர்களுக்கென்று எல்லாரும் சொல்லிவைத்திருக்கிற அந்த ஏசி ஹோட்டலைத்தான் காட்டுகிறார். விருந்தாளியைக் கௌரவமான இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏன் இப்படி என்றால், இது சோறு வீட்டில் சாப்பிடுகிற ஊர். சுற்றிலும் வயல். பாத்திரக்கடை, பட்டுக்கடை வைத்திருப்பவர்களில் பலர் மத்தியானம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார்கள். போக முடியாதவர்களுக்கு டிபன் கேரியர் வரும். ஹோட்டலுக்குப் போவதென்றால் டிபனுக்கும் காபிக்கும்தான். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இட்லி, பொங்கல், ரவா தோசை, காபி இவற்றையெல்லாம் தினம் தினம் அதே ஆட்கள், அதே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாம்பாரில் புளி ஒரு துளி ஏறினால் கல்லாவில் பணம் கொடுக்கும்போதே, "என்ன, இன்னிக்கு மாஸ்டர் லீவா?" என்று கேட்டுவிடுவார்கள். முதலாளிக்கு அது போதும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இப்படிக் கேட்க ஆளில்லை. அதைச் சாப்பிடுகிறவர்கள் கோர்ட்டுக்கு வந்த கட்சிக்காரர்கள், பத்திரப்பதிவுக்கு வந்தவர்கள், பிறகு நீங்கள். யாரும் நாளைக்கு வரப்போவதில்லை. ரசம் நீர்த்துப்போயிருந்தால் முகம் சுளித்துவிட்டு, அடுத்த கோயிலுக்கு நேரமாகிறதே என்று எழுந்து போய்விடுவீர்கள். கைப்பேசியில் நட்சத்திரம் போடுகிறவர்களும் பெரும்பாலும் இப்படி ஒரு தடவை வந்தவர்கள்தான். நாற்பது வருஷமாக அதே கடையில் காபி குடிக்கிற எங்கள் தெருக்காரர் எவரும் அதற்கு நட்சத்திரம் போட்டதில்லை. அவருக்கு அப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது.

ஆக, உள்ளூர்க்காரன் நாக்கு எதை எந்த வேளையில் சோதிக்கிறதோ, அதை அந்த வேளையில் சாப்பிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே உபாயம் இதுதான். மற்றதெல்லாம் இதன் விவரங்கள்.

காலையில் ஆறரையிலிருந்து எட்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். பொங்கல் ஒன்பது மணிக்கு மேல் இறுகத் தொடங்கும். பிறகு வெந்நீர் ஊற்றிக் கிளறி உயிர்கொடுப்பார்கள், அது வேறு பண்டம். வடை எப்போது எண்ணெயிலிருந்து வருகிறது என்பதைப் பரிமாறுகிறவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார், வெட்கப்பட வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள்: காலைக் கூட்டத்தில் ரவா தோசை கேட்காதீர்கள். கரைத்த மாவைக் கல்லில் வீசித் தெளித்து, ஓட்டை ஓட்டையாக விழவிட்டு, சுற்றி எண்ணெய் விட்டு, பொறுமையாக முறுகவிட வேண்டியது அது. அது ஒன்று ஆகிற நேரத்தில் சாதா தோசை இரண்டு எடுத்துவிடலாம். பதினாலு பேர் வேனிலிருந்து இறங்கி, ஆளுக்கொன்றாக ஆனியன் ரவா, நெய் ரவா, பொடி ரவா என்று அடுக்கினால் மாஸ்டர் என்ன செய்வார்? அவசரத்தில் நடுவில் வேகாமல் எடுத்துப் போடுவார். நீங்கள் ஊர் திரும்பி, கும்பகோணத்தில் தோசை சரியில்லை என்பீர்கள். பதினாலு பேரும் இட்லி, பொங்கல், வடை என்று சொல்லிப் பாருங்கள். கால் மணி நேரத்தில் சூடாக முடித்துவிட்டுச் சூரியனார்கோயில் புறப்படலாம். ரவா தோசைக்குச் சாயங்காலம் இருக்கிறது.

காபிக்கு வருகிறேன். சென்னையிலிருந்து வருகிறவர்கள் தாம்பரம் தாண்டியதிலிருந்து 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற போர்டைப் பார்த்துப் பார்த்து, பித்தளை டபரா டம்ளரில் இரண்டு மூன்று இடங்களில் குடித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். நெடுஞ்சாலையோரம் இந்தப் பேரில் இத்தனை கடைகள் முளைத்ததில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை, நிறையச் சங்கடம். டபரா நன்றாகத்தான் பளபளக்கிறது. ஆனால் பித்தளைக்கும் ருசிக்கும் அவ்வளவு உறவு கிடையாது. எங்கள் ஊரிலேயே பல நல்ல காபிக் கடைகளில் எவர்சில்வர் டம்ளர்தான். சிலவற்றில் கண்ணாடி கிளாஸ். காபி பாலில் நிற்கிறது. பக்கத்துக் கிராமத்திலிருந்து காலையில் கறந்து வந்த பசும்பால், தண்ணீர் காட்டாதது, ஒரு தடவை மட்டும் காய்ந்தது. மறுபடி மறுபடி காய்ச்சிய பாலில் ஒரு வாடை வந்துவிடும், எவ்வளவு நல்ல டிகாக்ஷனும் அதை மறைக்காது. பொடி அன்றன்றைக்கு அரைத்ததாக இருக்க வேண்டும், டிகாக்ஷன் முதலில் இறங்கியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகக் கூடுவது விடியற்காலையிலும், பிறகு பிற்பகல் மூன்று மணிக்குப் புதிதாகப் பால் வந்து இறங்கும்போதும்தான். பதினோரு மணிக் காபியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கும்பேசுவரர் கோயில் பக்கமுள்ள மங்களாம்பிகா விலாஸ் போன்ற பழைய கடைகளுக்குப் போவதானாலும் இந்த நேரக் கணக்கோடு போங்கள்.

இனி மத்தியானம். உங்களுக்கு இதுதான் பெரிய கண்டம். கோயில் நடைகள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். சாத்தினதும் எல்லா வேன்களும் ஒரே நேரத்தில் ஹோட்டல்களை நோக்கித் திரும்புகின்றன. ஒரு மணிக்கு வாசலில் நூறு பேர் நிற்பார்கள். உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் அடுத்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படி யார் நின்றாலும் எனக்குச் சோறு இறங்காது, உங்களுக்கும் இறங்காது. பதினொன்றே முக்காலுக்கே இலை போடச் சொல்லி உட்காருங்கள். முதல் பந்தியில் சாம்பார் அடர்த்தியாக இருக்கும், கூட்டில் காய் இருக்கும், ரசம் தெளிவாக மேலாக்க இருக்கும். இரண்டரைக்குப் போனால் அதே ஹோட்டலில் அதே பேர் கொண்ட வேறு பதார்த்தங்கள். காலை டிபன் அரை வயிற்றுக்கு இருந்தால் இது சாத்தியமே. ஒரு கோயிலைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தால் கிரகம் கோபித்துக்கொள்ளாது.

இல்லாவிட்டால் பெரிய கோயில்களில் அன்னதானம் இருக்கிறது. 2002-இல் அரசு தொடங்கிவைத்த திட்டம். எளிய சாப்பாடுதான். வரிசையில் உட்கார்ந்து சாப்பிடச் சங்கடப்படாதவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது.

திருநாகேசுவரத்துக்கு ராகுவைப் பார்க்கப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையானால் நாலரையிலிருந்து ஆறுவரை ராகுகாலப் பாலபிஷேகத்துக்கு நெரிபடுவீர்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உப்பிலியப்பன் கோயில். மார்க்கண்டேய ரிஷியின் மகளாக வளர்ந்த பூமிதேவி சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாது என்று, பெண் கேட்டு வந்தவரிடம் ரிஷி சொல்ல, அவள் உப்பில்லாமல் சமைத்தாலும் சாப்பிடுகிறேன் என்று பெருமாள் ஒப்புக்கொண்டதாகக் கதை. இன்றைக்கும் அவருக்குத் தளிகையில் உப்பு கிடையாது. பிரசாதம் கிடைத்தால் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். நாலு வாய்க்குப் பிறகு மிளகும் நெய்யும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். ஹோட்டல் ஹோட்டலாகத் தேடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சாயங்காலம்தான் எங்கள் ஊர். ஐந்து மணிக்கு மேல் காந்தி பார்க் பக்கமும் பெரிய தெருவிலும் நடந்து பாருங்கள்; ஊரே வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கும். வீட்டில் மத்தியானம் சாப்பிட்டவர்களெல்லாம் இப்போது டிபனுக்கு வருகிறார்கள். ரவா தோசை இந்த நேரத்துக்கு உரியது. அடை அவியல் இந்த நேரத்துக்கு உரியது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடப்பா.

கடப்பாவைத் தஞ்சை, மன்னார்குடிப் பக்கத்துக்காரர்கள் தவிர மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பது குறைவு. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்துவிட்டு, வெங்காயமும் பூண்டும் பட்டை கிராம்பும் சேர்த்து, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிவது. சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் வெளிர்மஞ்சளாக ஒன்று. இட்லி மேல் ஊற்றினால் இட்லி அதைக் குடித்துவிடும், இன்னொரு கரண்டி கேட்க வேண்டிவரும். பூண்டும் சோம்பும் அடுப்பங்கரைக்குள் நுழையாத வீடுகள் இங்கே நிறைய இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளெல்லாம் ஹோட்டலில்தான் இதை ருசி பார்த்தார்கள். மெனு அட்டையில் இதைத் தேடாதீர்கள். எல்லா நாளும் போடுவதில்லை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கிழமை, ஒரு வேளை என்று வழக்கம் இருக்கிறது, ஒரு அண்டா தீர்ந்தால் அவ்வளவுதான். "இன்னிக்கு கடப்பா உண்டா, எத்தனை மணிக்கு?" என்று காலையிலேயே விசாரித்துவைத்துக்கொள்ளுங்கள். விசாரித்தாலே உங்களைப் பார்க்கிற பார்வை மாறும். சர்வர் அப்புறம் உங்களைத் தம்பி, அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

யாரைக் கேட்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னைப் போன்ற திண்ணைக்காரர்களைக் கேட்பதில் ஓரளவுக்குத்தான் பிரயோஜனம், ஏனென்றால் நாங்கள் மத்தியானம் வீட்டில் சாப்பிடுகிறவர்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து, குடும்பத்தைக் கொண்டுவராமல் அறை எடுத்துத் தங்கியிருக்கிற வங்கி ஊழியர் கிடைத்தால் விடாதீர்கள். மூன்று வேளையும் வெளியில் சாப்பிடுகிற பாவத்தைச் செய்தவர் அவர், எந்த மெஸ்ஸில் எந்தக் கிழமை வத்தக்குழம்பு என்பதுவரை தெரியும். அவரைவிட மேல், மெடிக்கல் ரெப். டாக்டர் வீட்டு வாசலில் தோல்பையோடு காத்திருக்கும் அந்த இளைஞர்களிடம் பழைய தஞ்சாவூர் ஜில்லா முழுக்கச் சாப்பாட்டு வரைபடம் இருக்கிறது. மயிலாடுதுறையில் காளியாகுடி ஹோட்டலில் எப்போது நுழைய வேண்டும், திருவையாற்றில் அசோகா அல்வாவை எந்நேரத்தில் கிளறி இறக்குவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

உங்கள் வேன் டிரைவரையும் கேட்பீர்கள். அவர் கூட்டிப்போகிற இடத்தில் அவருக்குச் சாப்பாடு இலவசமாக இருக்கக்கூடும். வழியோரக் கடைகளில் பல காலமாக உள்ள ஏற்பாடுதான். ராத்திரி பூராவும் கண்விழித்து ஓட்டுகிறவருக்கு ஒரு வேளைச் சோறு மிச்சமானால் எனக்கொன்றும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் சாப்பாட்டை நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு, "நீங்க சொந்தக் காசு போட்டா எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வேன் வேறு தெருவில் திரும்பும்.

போன வருஷம் நன்றாக இருந்த கடை இந்த வருஷம் கெட்டுவிட்டது என்று சிலர் என்னிடம் குறைப்பட்டிருக்கிறீர்கள். போர்டு அதே, முதலாளி அதே, விலைதான் ஏறியிருக்கிறது என்பீர்கள். மாஸ்டர் போயிருப்பார். இவ்வளவு சின்ன ஊரில் கைப்பக்குவம் உள்ள மாஸ்டர்கள் எண்ணிச் சொல்லும்படிதான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முன்பணத் தகராறிலோ மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காத கோபத்திலோ எதிர்க்கடைக்கு மாறினால், ஊர்க்காரர்களும் பின்னாலேயே மாறிவிடுவார்கள். பேச்சே அப்படித்தான் இருக்கும்: "அந்தக் கடை மாஸ்டர் இப்ப இங்க இருக்காராம்." உங்களுக்கு இந்தச் சேதி வந்துசேர வழியில்லை. அதனால்தான் இந்த மடலில் கடைப் பேர்களை அதிகம் எழுதவில்லை. மடல் உங்கள் கைக்கு வருவதற்குள் அவை பழசாகியிருக்கலாம், வேளைக் கணக்கு பழசாகாது.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் உங்களில் உண்டு என்று தெரியும். கடைசிக் கோயில் முடிந்ததும் பேருந்து நிலையத்துப் பக்கம் இரண்டு பேர் மட்டும் "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறோம்" என்று நழுவுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பரோட்டாவைச் சோதிக்கிற நாக்கு ஆட்டோக்காரர்களுடையது, சுமை தூக்குகிறவர்களுடையது, இரண்டாம் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுடையது. எட்டு மணிக்கு மேல் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கிற கடையாகப் பார்த்து நுழையுங்கள், பிழையாகாது. மீன் குழம்பு வேண்டுமானால் மத்தியானம், சின்ன மெஸ்களில். புரட்டாசியில் வந்தால் இந்தப் பத்தியையே விட்டுவிடுங்கள். பாதிப் பேர் விரதமிருக்கிற மாதம். கூட்டமில்லாத கடையில் மீன் எத்தனை நாளாக ஐஸில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு வெற்றிலை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காவிரி வண்டலில் கொடிக்கால் போட்டு வளர்ப்பது, காரம் குறைவு, வாயில் போட்டால் சக்கை மிஞ்சாது. கவுளி கணக்கில் வாங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டால் ஊர்போய்ச் சேரும்வரை வாடாது. சீவலை நான் டாக்டர் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டேன், உங்களையும் போடச் சொல்லமாட்டேன்.

உங்கள் சுற்றில் கடைசியாக வருவது பெரும்பாலும் திருநள்ளாறு. சனீசுவரனைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது எட்டரை, ஒன்பது ஆகிவிடும். காரைக்காலில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், கும்பகோணம் போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள், இந்த வாக்குவாதத்திலேயே அரை மணி போகும். கும்பகோணத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வந்து சேரும்போது பதினொன்று. டிபன் கடைகள் கல் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள், பரோட்டாக் கடைகள்தான் திறந்திருக்கும். வேனில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவராவது இருப்பார், அவர் அதுவரை தாங்கமாட்டார். காலையில் டிபன் சாப்பிட்ட கடையிலேயே, பில் கொடுக்கும்போது, பதினைந்து இட்லியை மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கட்டித்தரச் சொல்லுங்கள். வாழையிலையில் கட்டினால் ராத்திரிவரை கெடாது. சட்னி, சாம்பார் கேட்காதீர்கள், வழியில் சிந்தும். மத்தியானத்துக்குள் புளித்தும் போகும்.

இப்படிக்கு,
கும்பேசுவரர் கோயில் பக்கத்துத் தெரு திண்ணைக்காரன்